இஸிடோரோஸ் எழுதச் சொன்ன பெயர்கள்

இஸிடோரோஸ் மாமா எழுதச் சொன்ன முதல் பெயர் ஆதாம்.

அது 1989, மார்ச். தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு வரும் ஆத்துமாக்களின் சனிக்கிழமை. கிரேக்கத்தில் எங்கள் ஊரான பெத்ரானாவில் அன்று எல்லா வீடுகளிலும் விடிவதற்குள் கோதுமை வெந்திருக்கும். மாதுளை முத்தும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரைத் தூளைப் பரப்பி, பெண்கள் அதைத் தட்டுகளில் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். தட்டோடு ஒரு சீட்டும் வரும். அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். சாமியார் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து அவர்களுக்காக வேண்டுவார்.

சாமியார் லூக்காஸுக்குப் பார்வை மங்கிவிட்டது. மருந்துக் கவரின் பின்பக்கத்திலும் காலண்டர் தாளிலும் கிறுக்கி எடுத்து வரப்படும் பெயர்களைப் பெரிய எழுத்தில் திருப்பி எழுதிக் கொடுப்பது இரண்டு வருடமாக என் வேலை. நான் ஸ்டட்கார்ட்டில் பள்ளிக்கூடம் போனவள். வாரநாட்களில் ஜெர்மன், சனிக்கிழமைகளில் கிரேக்கம். இரண்டிலும் என் கையெழுத்து நன்றாக இருந்தது. அதோடு நான் அதிகம் பேசமாட்டேன் என்பதும் சாமியாருக்கு வசதியாக இருந்தது.

"எந்த ஆதாம், மாமா?" என்று கேட்டேன்.

"உலகத்துல எத்தனை ஆதாம் இருக்காங்க? எழுதும்மா. அடுத்தது ஏவாள்."

பின்னால் தட்டோடு நின்றிருந்த மீனவர் வீட்டுப் பெண் முனகினாள். "இஸிடோரே, டிக்கெட் கிழிக்கிற மாதிரி சீக்கிரம் கிழிச்சிட்டுப் போயேன். எனக்குக் கை இறங்குது."

"நான் கடைசி ஸ்டாப் போறவன்டி. நடுவுல இறக்கிவிடாதே."

ஆபேல், நோவா, ஆபிரகாம், சாராள் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "நம்மாளு ஒருத்தர் கூடவா இல்லாம? சோக்ரதேஸ்னு போடு."

"பேக்கரிக்காரரா? அவர் உள்ளதானே நிக்கிறாரு?"

"அவன் இல்ல. விஷம் குடிச்சாரே, அந்தப் பழைய ஆளு."

பிறகு தன் அப்பா, அம்மா, தங்கை பெயர்களைச் சொன்னார். நான் எழுதினேன். கிழவர்கள் எதையாவது செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு சீட்டை மற்றவற்றோடு அடுக்கிவைத்தேன்.

ஏறக்குறைய இருநூறு சீட்டுகள். சாமியார் லூக்காஸ் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார். இஸிடோரோஸின் சீட்டையும் அதே வேகத்தில்தான் எடுத்தார். ஆதாம், ஏவாள், ஆபேல், நோவா. நாக்கு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆபிரகாம், சாராள், சோக்ரதேஸ்...

"ஐயோ சாமி!" என்று வலப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். பேக்கரிக்காரர் சோக்ரதேஸ் சிலுவை போட்டுக்கொண்டே முன்னால் வந்தார். "நான் இங்கதான் நிக்கிறேன்! காலைல ரொட்டி சுட்டுட்டுதான் வந்தேன்!"

கோயில் முழுக்கச் சிரிப்பு. சாமியார் சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அந்தச் சீட்டை மடித்து அங்கிக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். இஸிடோரோஸின் அப்பா அம்மா பெயர்கள் அன்று வாசிக்கப்படவில்லை.

இஸிடோரோஸைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெத்ரானாவிலிருந்து மலையைச் சுற்றிப் பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். ஏறுகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தூங்கிவிட்டவர்களை அவரவர் ஸ்டாப்பில் பெயர் சொல்லி எழுப்புவார். மனைவி மார்க்கெல்லா. பிள்ளைகள் இல்லை. நல்ல மனிதர், கொஞ்சம் கிறுக்கு.

கிறுக்கு என்று சொல்லக் காரணம் பெரிய சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தின அந்தக் காலையில் சாமியார் கூடை கூடையாகப் பிரிஞ்சி இலைகளை வாரி இறைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓடுவார். ஆண்டவர் பாதாளத்துக்குள் இறங்கி அதன் கதவுகளை உடைக்கும் நேரம் அது. நாங்கள் எல்லோரும் இருக்கைகளைத் தட்டுவோம், தரையை மிதிப்போம். குழந்தைகள் கரண்டியால் தட்டுகளை அடிப்பார்கள். இஸிடோரோஸ் வீட்டிலிருந்து ஒரு இரும்புத் தாழ்ப்பாளைக் கொண்டு வருவார். சாமியார் நின்ற பிறகும், பாட்டு தொடங்கிய பிறகும் அவர் அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு வருடம் இருக்கையின் கைப்பிடி பிளந்துபோயிற்று. "போதும் இஸிடோரே, பிசாசு ஓடியே போயிட்டான்!" என்று யாராவது கத்துவார்கள். அவரும் சிரிப்பார். கை மட்டும் நிற்காது.

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. நானும் அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

பூசை முடிந்ததும் சாமியார் அவரைக் கூப்பிட்டார். வெளியே மார்க்கெல்லா அத்தை வருகிறவர்களுக்கெல்லாம் கோதுமையை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மேசையில் சீட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

"இது என்ன கூத்து?" என்றார் சாமியார், சீட்டை ஆட்டியபடி. "ஆபிரகாமுக்கு நீ கோதுமை வேக வெச்சியா?"

"சாமி கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு கேக்கணும். ஆபிரகாமுக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கலை. ஆண்டவர் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி வாழ்ந்தவர்."

"நோவாவுக்கு?"

"அவருக்கும் இல்ல."

"அப்போ அவங்க எங்க இருக்காங்க?"

சாமியார் தோளாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். களைத்திருந்தார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்குப் பிடிக்கும். "கேளு. அவங்க வாக்கை நம்பினாங்க. என்ன வரப்போகுதுன்னு தெரியாது, எப்போ வரும்னு தெரியாது. வர்றதுக்கு முன்னாடியே செத்தும் போயிட்டாங்க. ஆனா நம்பினாங்க. அந்த நம்பிக்கைதான் அவங்களுக்கு நீதின்னு எண்ணப்பட்டுச்சு. அவங்க எல்லாரும் கீழ இருட்டுல காத்துக்கிட்டிருந்தாங்க. ஆண்டவர் செத்ததும் முதல்ல போனது அங்கதான். கதவை உடைச்சு வெளிய கூட்டிட்டு வந்தாரு. அவங்களைக் காப்பாத்தினவரும் அதே ஆண்டவர்தான். நமக்கு ஒரு வழி, அவங்களுக்கு ஒரு வழின்னு கிடையாது. அவங்க முன்னால பார்த்து நம்பினாங்க, நாம பின்னால பார்த்து நம்புறோம்."

"அப்போ தண்ணி தொடாம போனவங்களும் உள்ள இருக்காங்க."

"இருக்காங்க. நம்பிக்கையால."

"அஞ்சு மாசக் குழந்தைக்கு என்ன நம்பிக்கை சாமி?" என்றார் இஸிடோரோஸ். "பாலை நம்பும். அம்மா கையை நம்பும். அவ்வளவுதான்."

சாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நீ ஆபிரகாமைக் கேக்கலை," என்றார்.

"இல்ல சாமி. அவனைத்தான் கேக்கறேன்."

அன்று அவர் அங்கே சொன்னதையும், மார்க்கெல்லா அத்தை பிறகு என்னிடம் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பையன் பிறந்தது 1957, அக்டோபரில். ஞானஸ்நானம் ஆகிற வரைக்கும் எங்கள் ஊரில் குழந்தைக்குப் பெயர் கிடையாது. ஆண்பிள்ளையைப் பூதம் என்றுதான் கூப்பிடுவோம். கண்படாமல் இருக்கவும், பலசாலியாக வளரவும். மார்க்கெல்லா 'என் குட்டிப் பூதம்' என்று சொல்லிச் சொல்லிப் பால் கொடுத்தாள். பெயர் என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தாத்தாவின் பெயர்தான். ஆனால் அதைத் தொட்டியருகே ஞானத்தகப்பன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அது பெயரில்லை.

ஞானத்தகப்பன் பன்டெலிஸ். இஸிடோரோஸின் கல்யாணத்தில் தலைக்கு மேல் மணமுடிகளை மாற்றிப் பிடித்தவர் அவர். அப்படிப் பிடித்தவருக்குத்தான் முதல் பிள்ளை மேல் உரிமை. சரக்குக் கப்பலில் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று எழுதினார். பிறகு கப்பல் தென் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டது, ஈஸ்டருக்கு நிச்சயம் என்று எழுதினார்.

ஜனவரியில் சாமியார் லூக்காஸ் வீட்டுக்கே போனார். அப்போது அவர் ஊருக்குப் புதிது, தாடியில் ஒரு நரைகூட இல்லை.

"குளிர் மோசமா இருக்கு இஸிடோரே. டிப்தீரியா பரவுதுன்னு சொல்றாங்க. பஸ் ஓட்டுற ஸ்திராத்திஸ் இருக்கான். அவனை ஞானத்தகப்பனா நிறுத்து. இந்த ஞாயிறே முடிச்சிடலாம்."

"சாமி, மூத்தவன் பன்டெலிஸுக்குன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவன் கடல்ல இருக்கும்போது முதுகுக்குப் பின்னால இதைப் பண்ணிட்டு, அப்புறம் அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"கடவுள் முகத்துல முழிக்கிறதைப் பத்தி யோசி."

"கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு. பன்டெலிஸ் கோவிச்சுக்குவான்."

இதைச் சொல்லி அன்று எல்லோரும் சிரித்தார்களாம். மார்க்கெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கருத்தை யாரும் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி கடைசியில் குழந்தைக்குத் தொண்டை அடைத்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரே பஸ். அதில் இஸிடோரோஸ்தான் கண்டக்டர். மார்க்கெல்லாவை முன் இருக்கையில் உட்கார வைத்தார். மலைப்பாதையில் மழை. பாதி வழியில் குழந்தையின் மூச்சு சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது.

பக்கத்தில் இருந்தவள் மருத்துவச்சி கலியோப்பி. அவள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இவனைக் காத்துல முங்க வைங்க. இப்பவே."

தண்ணீரும் சாமியாரும் இல்லாத இடத்தில், சாகப்போகிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மூன்று முறை காற்றில் தூக்கி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லி, ஒரு பெயர் வைத்தால் போதும். பெத்ரானாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"தூக்கு இஸிடோரே," என்றாள் மார்க்கெல்லா.

"வாயை மூடு. அவன் ஒண்ணும் சாகலை."

"நீ தூக்கலைன்னா நான் தூக்கறேன்."

அவள் எழுந்து குழந்தையை உயர்த்தினாள். தோள் உயரம் வந்திருக்கும். இஸிடோரோஸ் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே அழுத்தி உட்கார வைத்தார். "தூக்கினா செத்துருவான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. உட்காரு. இன்னும் நாலு வளைவுதான்." பிறகு பின்னால் போய், அடுத்த ஸ்டாப்பில் ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுத்தார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. கைக்கு வேறு வேலை தெரியவில்லை என்றார்.

மூன்றாவது வளைவில் அந்த மூச்சு சத்தம் நின்றுவிட்டது.

ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு அடக்க ஜெபம் கிடையாது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, காரப் மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். சாமியார் லூக்காஸ் சுவருக்கு உள்ளே நின்றார். சிலுவையில் எழுதப் பெயர் இல்லாததால் சிலுவையும் நடவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்தில் பன்டெலிஸ் வந்தார். ஞானஸ்நான உடுப்பும் தங்கச் சிலுவையும் வாங்கிக்கொண்டு நேராக இஸிடோரோஸ் வீட்டுக்குத்தான் வந்தார். விஷயம் கேட்டதும் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அட மடையா," என்றார் கடைசியில். "எனக்காகவா காத்திருந்தே? நான் கடல்ல கிடக்கிறவன். யாரையாவது நிறுத்தி முடிச்சிருக்க வேண்டியதுதானே? நான் என்ன, சண்டைக்கா வந்திருப்பேன்?"

இஸிடோரோஸ் அதைச் சாமியாரிடம் சொன்னபோது பன்டெலிஸின் குரலிலேயே சொன்னார். முப்பத்தோரு வருடமாக அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றியது.

மார்க்கெல்லா அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், திருவிழாவில் சிரித்தாள். வேறு குழந்தை பிறக்கவில்லை.

"பாருங்க சாமி," என்றார் இஸிடோரோஸ், சுவரைக் காட்டி. அங்கே உயிர்த்தெழுதல் படம் இருந்தது. உடைந்த கதவுகள் மேல் ஆண்டவர் நிற்கிறார். ஒரு பக்கம் ஆதாம், மறுபக்கம் ஏவாள், இருவரையும் கல்லறையிலிருந்து இழுக்கிறார். "கையைக் கோத்துப் பிடிக்கலை. மணிக்கட்டைப் பிடிச்சிருக்காரு. நானும் அங்கதான் பிடிச்சேன். அவரு மேல இழுக்கப் பிடிச்சாரு. நான் கீழ அழுத்தப் பிடிச்சேன். ஒவ்வொரு ஞாயிறும் இதைப் பார்த்துட்டுதான் நிக்கிறேன்."

சாமியார் அவர் தோளில் கை வைத்தார். "ஆண்டவர் அவனை விட்டிருக்க மாட்டாரு. ஆதாமையே விடாதவரு."

"அது எனக்குத் தெரியும் சாமி. கதவை உடைச்சிட்டாரு, சரி. அப்புறம் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு, இல்லையா? நான் முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவன். பேர் சொல்லிக் கூப்பிடலைன்னா தூங்கறவன் எழுந்திரிக்க மாட்டான், ஸ்டாப் தாண்டிப் போயிடுவான்."

"ஆண்டவருக்கு அவன் பேர் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாதே. யாரும் அவனைக் கூப்பிட்டதே இல்லையே."

சாமியார் சீட்டை விரித்து மறுபடியும் பார்த்தார்.

"ஒரு தடவை சாமி. அவன் தாத்தா பேரை, இதுதான் இவன் பேருன்னு சொல்லி, பலிபீடத்துக்கு முன்னால ஒரு தடவை வாசிங்க. ஆபிரகாமையும் நோவாவையும் எதுக்குச் சேர்த்தேன்? நீங்க அவங்களை வாசிச்சிட்டீங்கன்னா, இவனை வாசிக்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்கன்னுதான்."

"நீ வக்கீலாப் போயிருக்கணும்," என்றார் சாமியார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "என்னால முடியாது இஸிடோரே. ஞானஸ்நானம் இல்லாத ஒருத்தருக்கு நானா ஒரு பேரை வெச்சு இங்க வாசிக்க முடியாது. ஆயருக்கு எழுதறேன். அவர் சரின்னு சொன்னா அடுத்த சனிக்கிழமையே வாசிக்கிறேன்."

கடிதத்தை நான்தான் எழுதினேன். சாமியார் சொல்லச் சொல்ல, இரண்டு பக்கம். ஒரு தகப்பன், ஒரு தவறு, பெயரில்லாத ஒரு குழந்தை. ஆதாமும் ஆபிரகாமும் மீட்கப்பட்டதையும் சேர்த்தார். நான் வார்த்தைகளைக் கோயில் கிரேக்கத்துக்கு மாற்றி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன்.

அந்த வருடம் பெரிய சனிக்கிழமையில் இஸிடோரோஸ் தாழ்ப்பாள் கொண்டு வரவில்லை. இலைகள் பறந்தபோது சும்மா நின்றார். "என்ன மாமா, கை வலிக்குதா?" என்று யாரோ கேட்டார்கள். "கதவு எப்பவோ உடைஞ்சிருச்சும்மா," என்றார். "அது என் பிரச்சினை இல்லை."

பதில் வரவில்லை. ஆயர் உடல்நலமில்லாமல் ஏதென்ஸில் இருப்பதாகச் சொன்னார்கள். இஸிடோரோஸ் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சரியாகக் காபிக் கடைக்கு வந்துவிடுவார்.

"சாமிக்கு ஏதாவது இருக்கா?"

"மின்சார பில் இருக்கு. வேணுமா?"

"அதை நீயே வெச்சுக்கோ. தடிமனான கவர் ஏதாவது?"

1990இன் ஆத்துமாக்களின் சனிக்கிழமை வந்து போனது. அவர் மேசைக்கு வந்து அப்பா, அம்மா, தங்கை பெயர்களை மட்டும் சொன்னார். நான் எழுதி முடித்த பிறகும் கொஞ்சம் நின்றார். "இன்னும் பதில் வரலையாம்மா?" என்றார். நான் தலையை அசைத்தேன். அந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அடுத்தவளின் தட்டை வாங்கிக்கொண்டேன்.

சாமியாரிடம் ஒருமுறை, மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். "பெரியவங்களை அவசரப்படுத்தக் கூடாதும்மா," என்றார். "பதில் வரும். காத்திருப்போம்." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். பிறகு சாவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

1991 ஜனவரியில், விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது இஸிடோரோஸ் கீழே விழுந்தார். மார்க்கெல்லா வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு ஊரே வந்தது. பழைய பஸ் டிரைவர் ஸ்திராத்திஸ், ஊன்றுகோலோடு குழிக்குப் பக்கத்தில் நின்று, "இஸிடோரே, இறங்கற இடம் வந்திருச்சு," என்று சொன்னார். சிலர் அழுதுகொண்டே சிரித்தோம். பிள்ளை கிடந்தது சுவருக்கு அந்தப் பக்கம். அவரை வைத்தது இந்தப் பக்கம்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சாமியார் என்னை வாசிக்கச் சொன்னார். தாமதத்துக்கு வருத்தம், புதிய ஆயர் பொறுப்பேற்றிருக்கிறார், இப்படி நான்கு வரி. அதற்குப் பிறகு, இதுபோன்ற மேய்ப்புப் பணி சார்ந்த விஷயங்கள் பங்குக்குருவின் விவேகத்துக்கே விடப்படுகின்றன என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"மறுபடி வாசி," என்றார்.

வாசித்தேன்.

"என் விவேகத்துக்கு," என்றார் சாமியார் லூக்காஸ். பிறகு கடிதத்தை வாங்கி மடித்தார். "நானே பண்ணியிருக்கலாம். அன்னைக்கே, அந்தச் சீட்டு கையில இருக்கும்போதே. யாராவது சரின்னு சொல்லட்டும்னு உட்கார்ந்துட்டேன்."

அடுத்த சனிக்கிழமை ஆத்துமாக்களின் சனிக்கிழமை. மார்க்கெல்லா அத்தை கறுப்பு உடையில், கோதுமைத் தட்டோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது சாமியார் பலிபீடத்திலிருந்து மேசைக்கே வந்துவிட்டார்.

"மார்க்கெல்லா, பையனோட பேரைச் சொல்லு. இன்னைக்கு வாசிக்கிறேன். அனுமதி வந்திருச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. ரொம்ப தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"பேரா? அவனுக்குப் பேர் வைக்கிற நாள் பஸ்லயே போயிடுச்சு சாமி. இப்போ என் இஷ்டத்துக்கு ஒண்ணை வெச்சா அது அவன் பேரா இருக்காது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எழுதும்மா. இஸிடோரோஸ். அதுக்குப் பக்கத்துல, 'பிள்ளையுடன்'னு போடு."

என் கை நின்றுவிட்டது. பாதிச் சீட்டுகளில் இருக்கும் வார்த்தை அது. பெயர் நினைவில்லாத குழந்தைகள், கூடவே போனவர்கள், கப்பலோடு மூழ்கிய குடும்பங்கள். எல்லோருக்கும் பெண்கள் 'பிள்ளைகளுடன்' என்று எழுதி அனுப்புகிறார்கள். நான் அதை நூறு முறை பெரிய எழுத்தில் திருப்பி எழுதியிருக்கிறேன். சாமியார் ஆயிரம் முறை வாசித்திருக்கிறார். அனுமதி கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

சாமியாரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். பலிபீடத்துக்குத் திரும்பிப் போனார். அந்தச் சீட்டு வந்தபோது அவர் வேகம் குறைந்தது. "இஸிடோரோஸ், பிள்ளையுடன்," என்று வாசித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருநூறு சீட்டுகளில் அது ஒன்று.

பூசை முடிந்து வெளியே வந்தேன். முற்றத்தில் மார்க்கெல்லா அத்தை எனக்கும் ஒரு கைப்பிடி கோதுமை கொடுத்தாள். நான் சாதாரணமாகக் கேள்வி கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"அத்தை, இதை மாமா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே?"

அவள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷன் என்னைக் கேக்கவே இல்லையேம்மா. சாமியைக் கேட்டாரு, ஆயரைக் கேட்டாரு, தபால்காரனைக் கூடக் கேட்டாரு. 'மார்க்கெல்லா, என்ன பண்ணலாம்'னு ஒரு தடவை என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீங்களே..."

"நானே சொல்லியிருக்கலாம். ஆமா." தட்டைத் துணியால் மூடினாள். "கேக்கட்டும், கேக்கட்டும்னு முப்பத்திமூணு வருஷம் இருந்துட்டேன். பஸ்ல என் கையைப் பிடிச்சு உட்கார வெச்சாரில்ல? அந்தக் கோவம். எனக்கு அது அவ்வளவு பெரிசாத் தெரிஞ்சுச்சு."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சரிவில் இறங்கினாள். வாசல் வரை போய் நின்று, உள்ளே போவதா, சுவரைச் சுற்றிக்கொண்டு போவதா என்று தெரியாதவளைப்போல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.